லட்சுமம்மா விற்ற பால் ஜாயிண்ட்

செய்தி ஃபயாஸிடமிருந்து வந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். வாசலில் நின்று காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "சார், லட்சுமம்மா போய்ட்டாங்க. ஷட்டரைத் தூக்கப் போனவங்க அப்படியே உக்காந்துட்டாங்க. மூணு மணிக்கு எடுக்கறாங்க" என்றார். ஃபயாஸ் மெக்கானிக். அவர் பட்டறைக்கும் லட்சுமம்மாவின் பார்ட்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். நான் "ஐயோ" என்றேன். அடுத்த நொடி என் மனதில் வந்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அப்பாடா, இனி அந்த விஷயம் தெரிந்தவர் யாரும் இல்லை.

மூன்று மணிக்குப் போனேன். தளி ரோட்டில் கடை வாசலிலேயே கிடத்தியிருந்தார்கள். அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கமிருந்தெல்லாம் கார்கள் வந்திருந்தன. எல்லாமே இருபது முப்பது வருடத்து வண்டிகள். ஒவ்வொன்றிலும் அவர் தேடிப் பிடித்துக் கொடுத்த ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற இருவர் பழைய கார்க்காரர்களான நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள்தான். ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "தங்கமான மனுசி. அந்த பால் ஜாயிண்ட் விஷயம் ஒண்ணுதான் கெட்ட பேராப் போச்சு." மற்றவர், "ஆமா, டூப்ளிகேட்ட வித்துட்டாங்க. என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கையில் மாலையோடு நின்ற நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பழைய கார் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் நம் எல்லோருக்கும் லட்சுமம்மாவைத் தெரியும். கூட்டத்தில் அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று என்னைத்தான் கேட்டார்கள். ஆளைப் பார்த்துக் கேட்டார்கள், போங்கள்.

நான் முதலில் அவர் கடைக்குப் போனது கண்ணாடி ஏற்றும் கைப்பிடி ஒன்றுக்காக. "கம்பெனிப் பார்ட்தான் வேணும். நான் பார்ட்ஸ் செய்யற கம்பெனியிலயே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வெளிச் சரக்கோட லட்சணம் எனக்குத் தெரியும்" என்று பெரிய மனிதன்போல் பேசினேன். அவர் சிரித்தார். "இந்த வண்டிக்குப் பார்ட்ஸ் செய்யறத கம்பெனிக்காரங்க எப்பவோ நிறுத்திட்டாங்க சார். வண்டி நிக்கலியே? அப்போ யாராச்சும் செஞ்சுதான ஆகணும்?" என்று சொல்லி, மூன்று கைப்பிடிகளை எடுத்து வைத்தார். மூன்றில் இரண்டை அவரே தள்ளிவிட்டு ஒன்றைக் கொடுத்தார். பதினான்கு வருடம் ஆகிறது, இன்னும் அதைத்தான் சுழற்றிக்கொண்டிருக்கிறேன்.

சரக்கு வந்து இறங்கினால் அவர் அட்டைப்பெட்டியைப் பார்க்க மாட்டார். ரப்பர் புஷ்ஷை மோந்து பார்ப்பார். "இது பழைய டயர அரைச்சது, எடுத்துக்கினு போப்பா" என்று கொண்டுவந்தவனைத் திருப்பி அனுப்புவார். கன்னடத்தில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டித் தமிழில் முடிப்பார். "வெளிச் சரக்குன்னா கேவலம் ஒண்ணும் இல்ல சார். செஞ்சவனுக்கு வெக்கம் இருந்தா போதும்" என்பார். அதை அவர் என்னிடம் சொன்ன நாட்களில் எனக்கு அது சும்மா ஒரு பேச்சாகத்தான் பட்டது.

கோவிந்தப்பாவின் வண்டி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். சின்னக் கார் ஒன்றின் பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பூக்கட்டு ஏற்ற வேண்டும் என்று வந்தார். வேறு யாராக இருந்தாலும் சீட்டைக் கழற்றித் தகரம் அடித்து அனுப்பியிருப்பார்கள். லட்சுமம்மா விடவில்லை. "பூவ ஏத்திக்கினு வாங்கண்ணா. உங்க வீட்டம்மாவயும் கூட்டிட்டு வாங்க. யார் எங்க உக்காருவாங்கன்னு பாக்காம ஸ்பிரிங் எப்படிச் சொல்றது?" என்றார். அவர்கள் பூவோடு வந்தார்கள். கோவிந்தப்பாவின் மனைவி சாரதா முன் சீட்டில் மடியிலும் ஒரு கட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லட்சுமம்மா தரையில் குந்தி, சக்கரம் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தார். கடை முழுக்க அன்றைக்கு ரோஜா வாசனை. கனமான ஸ்பிரிங் இரண்டும், முன் சக்கரத்துக்குப் புதிய பால் ஜாயிண்டும் போடச் சொன்னார்.

அந்த பால் ஜாயிண்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். காரைப் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கு: முன் சக்கரத்தை வண்டியோடு பிடித்துக்கொண்டிருப்பது அது. அது உடைந்தால் சக்கரம் மடங்கி விழுந்துவிடும்.

தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அதைத்தான் செய்தோம். ஒரு முறை சூடேற்றுவதில் தப்பு நடந்து ஒரு லாட் முழுக்கக் கடினப்பட்டுப் போயிற்று. பார்க்கப் பளபளவென்று இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் பிஸ்கட் மாதிரி உடையும். நான்தான் கண்டுபிடித்தேன், நான்தான் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்கினேன். அதுவரை என் மேல் குறை இல்லை. ஒதுக்கியதை அப்படியே காயலான் கடைக்குப் போட முடியாது. கேஸ் கட்டரால் ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெட்டுகிற இடம் பாய்லருக்குப் பின்னால், தகரக் கூரை, உச்சி வெயில். நான் கேன்டீனில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். காயலான் எடுக்கிறவன் ஒன்றைக்கூட வெட்டவில்லை. முழுசாக அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அவை பெயிண்ட் துடைக்கப்பட்டு, மேலே ரப்பர் உறை மாட்டப்பட்டு, பேரில்லாத பிளாஸ்டிக் கவரில் லட்சுமம்மாவின் கடைக்கு வந்தன. ஒன்றைக் கையில் எடுத்தவருக்குச் சந்தேகம். இவ்வளவு சுத்தமான வேலை வெளிச் சரக்கில் வருமா? அன்றைக்கு நான் கடையில் இருந்தேன். "சார், நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டினார். நான் உருட்டிப் பார்த்தேன். "அருமையான ஃபினிஷிங்மா. எங்க மால் மாதிரியே இருக்கு. தைரியமா வாங்குங்க" என்றேன். சே! நானே ஒதுக்கிய சரக்கு, எனக்கே தெரியவில்லை. என் பேச்சை நம்பி அவர் மொத்தத்தையும் வாங்கினார். கோவிந்தப்பாவின் வண்டிக்குப் போட்டதும் அதிலிருந்துதான். என் காருக்கும் ஒரு ஜோடி போட்டுக்கொண்டேன்.

மூன்று மாதத்தில், அணை ரோட்டில், கோவிந்தப்பாவின் வண்டியில் அது உடைந்தது. வண்டி வாய்க்காலில் சரிந்தது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. சாரதாவின் வலது தோள் நொறுங்கியது. இரண்டு ஆபரேஷன் செய்தும் அந்தக் கை தலைக்கு மேல் எழவில்லை. அந்தக் கையால் அவர் அதற்குப் பிறகு ஒரு ரோஜாகூட வெட்டவில்லை. சொந்தக்காரர்கள் கடைக்கு முன்னால் வந்து சண்டை போட்டார்கள். டூப்ளிகேட் கடை என்று ஊர் முழுக்கப் பேச்சாயிற்று.

நான்கு நாள் கழித்து லட்சுமம்மா என் கம்பெனி கேட்டுக்கு வந்தார். செக்யூரிட்டி கூப்பிட்டு விட்டான். உடைந்த துண்டை ஒரு துணிப்பையில் வைத்திருந்தார். ரப்பர் உறையை உரித்துக் காட்டினார். கழுத்துப் பள்ளத்தில், துணி போகாத இடத்தில், மயிரிழை அளவு சிவப்பு. "சார், இது உங்க கம்பெனியில ஒதுக்குன சரக்குங்களா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார்.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. "இது எங்களுது இல்லம்மா. டூப்ளிகேட்தான். பெயிண்ட் யார் வேணும்னாலும் அடிப்பாங்க" என்றேன். காரணம் சொல்லலாம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம், வேலை போனால் கல்யாணமும் போகும் என்று. காரணம் எவனுக்குத்தான் இல்லை? பயந்தேன், பொய் சொன்னேன், அவ்வளவுதான்.

அவர் துண்டைத் துணிப்பைக்குள் திரும்பப் போட்டார். "சரிங்க சார். வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை ஃபயாஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோவிந்தப்பாவின் வண்டி போக, அந்த லாட்டிலிருந்து இன்னும் பதினொரு வண்டிக்குப் போயிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். ஊத்தங்கரைக்கு பஸ் ஏறிப் போய், களத்தில் நின்ற ஒரு வண்டிக்கடியில் தானே குனிந்து பார்த்தார். மத்தூரில் ஒருவர், "ஏம்மா, வித்ததும் நீதான், இப்பக் கழட்டிக் குடுன்னா எப்படி?" என்று சத்தம் போட்டிருக்கிறார். "ஆமாங்கண்ணா, நான் வித்ததுதான். அதுக்குத்தான் நானே வந்தேன்" என்றாராம். வாங்கி வந்த அத்தனையையும் ஃபயாஸின் பட்டறையில் கேஸ் கட்டரால் வெட்டச் சொல்லி, கடைசி ஒன்று விழும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறார். நான் நிற்காமல் கையெழுத்துப் போட்ட வேலை அது.

பத்து வண்டி முடிந்தது. பதினொன்றாவது என்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபயாஸ் ஜாக்கியோடு வீட்டுக்கு வந்தார். "லட்சுமம்மா அனுப்பிச்சாங்க சார். சார் வண்டியிலயும் அது இருக்கு, மாத்திட்டு வான்னாங்க." நல்ல சரக்கு என்று நானே சொன்னது அது, எங்களுடையது இல்லை என்று கேட்டில் சொன்னதும் நானே. உண்மையாகவே எனக்குத் தெரியாதென்றால், எதற்கப்பா மாற்றணும் என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். உள்ளே போய் ஃபயாஸுக்குக் காபி போடச் சொன்னேன். என் பெண்டாட்டி பிள்ளை அந்த வண்டியில்தானே போகிறார்கள்!

சாவியைக் கொடுத்ததோடு லட்சுமம்மாவுக்கு எல்லாம் புரிந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ முறை கடைக்குப் போயிருக்கிறேன், ஒரு நாளும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. வாங்குங்கள் என்று சொன்னவன் நான் என்பதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஃபயாஸ் ஒரு முறை கேட்டபோது, "கடை என்னுது, கை என்னுது, நான்தானே குடுத்தேன்" என்றாராம். கம்பெனியில் நான் செய்தது இவ்வளவுதான்: அன்றிலிருந்து வெட்டும் இடத்தில் போய் நின்றேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. ரிட்டயர் ஆகி எட்டு மாதம் ஆகிறது. பணம் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் எழுதுகிறேன் என்பதையும் நீங்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதுவதற்கு முன், போன வாரம், சாரதாவின் வீட்டுக்குப் போனேன். கோவிந்தப்பா தோட்டத்தில் இருந்தார். சாரதா இடது கையால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாரதா சொன்னார்: "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு நான் தனியா அந்தக் கடைக்குப் போனேன் சார். ரோட்டு மண்ண வாரி அவங்க மேல போட்டேன். நாசமாப் போன்னு சாபம் விட்டேன். மண்ணு தலையில, கண்ணுல எல்லாம் விழுந்துச்சு. தொடைக்கக்கூட இல்ல. 'உள்ள வந்து உக்காரும்மா, கை வலிக்கும்'னாங்க. நான் உக்காரல."

பிறகு என்னை நேராகப் பார்த்தார். "என் கை போனது போகட்டும் சார். அவங்க இருக்கும்போது நீங்க வந்து இத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் போயி உக்காந்திருப்பேனே. இப்ப நான் எங்க போயி உக்கார்றது?"

எழுந்து வந்துவிட்டேன்.

இறந்தவரிடமிருந்து நமக்கென்று எதை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி முடிப்பது வழக்கம். அவருடைய கைப்பக்குவத்தை ஃபயாஸ் எடுத்துக்கொள்ளட்டும், அவர் பேச்சை நீங்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தக் கெட்ட பெயரை. ஆறு வருடம் அவர் சுமந்தது, சாவு வீட்டு வாசல்வரை கூடவே வந்தது. இனி எவராவது அந்த பால் ஜாயிண்ட் விஷயம் என்று ஆரம்பித்தால் லட்சுமம்மாவின் பேரைச் சொல்லாதீர்கள். என் பேரைச் சொல்லுங்கள். சண்முகம்.