நான் சுற்றிய துப்பாக்கி

குமாரபாளையத்தில் எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தறி மோட்டார் எரிந்துபோனால் எங்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று ஊருக்கே தெரியும். கழற்றுவதும் மாட்டுவதும் என் வீட்டுக்காரர் வேலை. கருகிய கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றுவது என் வேலை. இருபது வருஷமாகச் சுற்றுகிறேன். அந்த விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தலைக்கனம்தான் என்னைத் துப்பாக்கி செய்ய வைத்தது.

என் தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். வடக்கே, பனிமலையில் ஒரு காவல் போஸ்ட்டில். போன வருஷம் லீவில் வந்தவன், சாப்பிடும்போதெல்லாம் காதைச் சுண்டுவிரலால் குடைந்துகொண்டே இருந்தான். என்னடா என்று கேட்டேன். வருஷக்கணக்காகத் துப்பாக்கி சுட்டதில் காதுக்குள் சில்வண்டு மாதிரி ஒரு சத்தம் நிற்காமல் கத்துகிறதாம்.

"ரீங்காரம் மட்டுந்தானுங்க்கா. காது நல்லாத்தான் கேக்குது."

லீவு முடிந்து போனதும் அவனுக்கு மெடிக்கல் இருந்தது. காது தேறவில்லை என்றால் மலையிலிருந்து இறக்கி ஏதாவது ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள். அதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது. அந்தப் போஸ்ட்டும் அங்கிருக்கும் ஆட்களும்தான் அவனுக்கு எல்லாம். இங்கே டாக்டரிடம் காட்டலாம் வா என்றால், அதெல்லாம் வேண்டாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பாலத்துப் பக்கம் நடந்துவிடுவான். எனக்கு எரிச்சலும் பயமுமாக இருந்தது.

ஒரு நாள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். வெள்ளைக்காரன் ஒருவன் பெரிய துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடுகிறான். உள்ளே மருந்து இல்லையாம். மின்சாரமும் காந்தமும்தான் குண்டைத் தள்ளுகின்றனவாம்.

"இனிமே பட்டாளத்துக்கெல்லாம் இதுதான்னு சொல்றானுங்க. பொகை இல்ல, நெருப்பு இல்ல, சத்தமும் இல்லீங்க்கா."

சத்தமும் இல்லை என்று சொன்னபோது அவன் குரலில் இருந்த ஏக்கம் என்னை என்னவோ செய்தது. நான் வீடியோவை நிறுத்தி உற்றுப் பார்த்தேன். குழாய்மேல் வரிசையாக நான் தினமும் சுற்றுகிற அதே கம்பிச் சுருள்.

"இது காயில்தானடா! இதுக்கா இவ்வளவு பீத்தறான்? நானே சுத்தறேன் பாரு."

அவன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. சரி, செய்தே தீர்வது என்று முடிவு செய்தேன்.

ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் கம்பி, குண்டுக்குப் பதில் தலை வெட்டிய ஆணி. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கப் பழைய பம்புசெட் மோட்டார்களின் கண்டென்சர்களைக் கொத்தாகக் கட்டினேன். அது அடித்தால் ஆளைத் தூக்கி எறியும். என் வீட்டுக்காரர் மேஜைப் பக்கமே வரவில்லை. "உன்ற கையால சாவறதுக்கு எனக்கு ஆசையில்ல" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டார்.

முதல் தடவை பட்டனை அமுக்கினேன். ஆணி சரேலென்று குழாய்க்குள் போனது. நடுவில் போய் நின்றுகொண்டு நடுங்கியது. வெளியே வரவே இல்லை. இன்னும் கம்பி சுற்றினேன். இன்னும் மோசமாக நின்றது. "குண்டு பயந்து போயி உள்ளயே ஒளிஞ்சுக்குச்சுங்க்கா" என்று தம்பி கையைத் தட்டினான். எனக்கு வந்த கோபத்தில் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி மூலையில் வீசினேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. நான் மோட்டார்க்காரி. மோட்டாரில் காயில் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே ஆணி நடுவுக்கு வரும்வரை இழுத்துவிட்டு, சட்டென்று கையை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தானே இழுத்ததைத் தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும். கம்பி கூடக்கூட மின்சாரம் வடிய நேரமாகிறது, அதனால் பிடி விடுவதில்லை. பாதிச் சுற்றை அவிழ்த்தேன். கம்பியைக் குறைத்து ஒரு வேலையைச் சரி செய்தது அதுவே முதல் தடவை, மனசே வரவில்லை.

சோதித்துப் பார்க்க மாதாந்திர மின்தடை நாளாகப் பார்த்து அமைந்தது. காலையிலிருந்து எந்தத் தறியும் ஓடவில்லை. எங்கள் வீதியில் காக்கை கத்துவது கேட்பதே அன்றைக்குத்தான். பேட்டரியில் கண்டென்சரை ஏற்றினோம். இரும்பு ஷட்டரைப் பாதி இறக்கி, அதற்கு முன்னால் கோழிப்பண்ணை முட்டை அட்டைகளை அடுக்கி வைத்தோம். தம்பி என் பக்கத்தில் நின்றான். அமுக்கினேன்.

ஒரு சின்ன 'டிக்'. அவ்வளவுதான். ஆணி குழாயில் இல்லை. அட்டை அடுக்கில் புதைந்து, வால் மட்டும் வெளியே தெரிந்தது. போனதை என் கண் பார்க்கவே இல்லை. எதுவும் அதைத் தொடவில்லை. நெருப்பு இல்லை, வாடை இல்லை, குழாய்கூடச் சூடேறவில்லை. இருபது வருஷமாக இந்தக் கம்பியைக் கையில் வைத்திருக்கிறேன். அதற்குள் இப்படி ஒன்று குடியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரி உடம்பு புல்லரித்தது. தம்பி இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, "யக்கா, யக்கா" என்றான்.

அப்புறம் அவனுக்குள் இருந்த பட்டாளத்துக்காரன் விழித்துக்கொண்டான். பேட்டரியையும் பெட்டியையும் தோளில் தொங்கவிட்டு, குழாயைக் கையில் பிடித்துக் கடைக்குள் நாலு நடை நடந்தான்.

"இதத் தூக்கிக்கிட்டு மலையேறுனா பாதி வழியில நாக்குத் தள்ளிரும். ஒருக்கா சுட்டுப்போட்டு, மறுக்கா சார்ஜ் ஏறறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வரலாம். குளிருல எங்க செல்போனே மத்தியானத்துக்குள்ள செத்துரும், நெஞ்சோட அணைச்சு வெச்சுக்குவோம். ஒரு தோட்டா இத்துனூண்டு. அதுக்குள்ள இருக்கற பலத்துக்கு உங்குளுது மாதிரி எத்தன பெட்டி வேணுமோ!"

"சத்தமில்லையேடா" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"மெதுவாப் போறதுனால சத்தமில்லீங்க்கா. நெசத் துப்பாக்கி வேகத்துக்குப் போனா காத்தே வெடிக்கும். ஆனாலும் பாருங்க, ஊதினா அணைஞ்சு போற வெளக்கு இருந்த எடத்துல இன்னிக்கு ஊருக்கே வெளிச்சம் குடுக்கற கரண்டு வந்துருச்சில்ல? இதுவும் ஒரு நாள் ஆகும். அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்குது."

இன்னொரு தடவை சுடலாம் என்றான். பெட்டியை இறக்கி மேஜைமேல் வைத்து, குழாயில் ஓர் ஆணியைப் போட்டுவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, டப்பாவில் அடுத்தடுத்த ஆணிகளைத் தேடிக்கொண்டிருந்தான். சார்ஜ் ஏறியது. அவன் திரும்புவதற்குள் நான் அவசரப்பட்டு அமுக்கிவிட்டேன். இந்த முறை ஆணி அட்டையைத் தாண்டி ஷட்டரில் அடித்தது. டணார் என்று ஒரு சத்தம். வாசலில் என் வீட்டுக்காரர் துள்ளிவிட்டார். எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றார்.

தம்பி டப்பாவைக் கிளறிக்கொண்டே, "அமுத்துங்க்கா, எதுக்கு நிக்கறீங்க?" என்றான்.

"கண்ணு" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்தார், அவன் பார்க்கவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். திரும்பியவன் முதலில் என் உதட்டைத்தான் பார்த்தான்.

தறிக்கூடத்துச் சத்தத்தில் எங்கள் ஊரில் எல்லோருமே உதட்டைப் பார்த்துத்தான் பேசுவோம். வாயை அகலத் திறந்து, கையையும் ஆட்டிப் பேசுவது எங்களுக்குப் பழக்கம். அதனால் வீட்டில், கடையில், சாப்பாட்டு நேரத்தில், இருபது நாளாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவனை நான் ஊர்க்காரன் என்று நினைத்தேனே தவிர, காது கேளாதவன் என்று நினைக்கவில்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமாச்சுங்க்கா. இடது சுத்தமா இல்ல. வலது கொஞ்சம்."

"மலைமேல என்னடா வேலை உனக்கு?"

"ராத்திரிக் காவலுங்க்கா."

இருட்டில் உதடு தெரியாது. அதை அவனிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உன்னை நம்பி எத்தன பேருடா தூங்கறாங்க?"

"பதினோரு பேருங்க்கா" என்றான்.

அவனே செல்போனை எடுத்தான். ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தை முழுசாக ஏற்றி, அவனுடைய மேலதிகாரி சுபேதாரைக் கூப்பிட்டான். காது கேட்காததை இந்தியில் சொல்ல ஆரம்பித்தான். இரண்டு முறை குரல் உடைந்தது, மூன்றாம் முறை நேராகச் சொல்லி முடித்தான். அந்தப் பக்கமிருந்து அந்த மனிதர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு எட்டவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது, ஆனால் இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே, வாயை அகலமாகத் திறந்து, அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"கோயி... பாத்... நஹீ... பேட்டா."

அவன் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் முட்டை அட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்து அழுதான். பரவாயில்லை மகனே என்று அதற்கு அர்த்தமாம்.