ஏழாவது தூக்கு

அன்று பகல் ஒரு மணிக்கு எனக்குக் கணிதத்தில் கடைசிச் சோதனை. வகுப்புக்குப் போகாமல் படிக்கும் வெளிவாரிப் பட்டத்துக்கான மற்றப் பாடங்கள் எல்லாம் முடிந்திருந்தன. இந்த ஒன்றில் மட்டும் மூன்று தடவை தவறியிருந்தேன். என் பல்கலைக்கழகப் பதிவு அந்த வருடத்தோடு முடிய இருந்தது. இளவயதில் படிக்க வழியில்லாமல் துறைமுகத்தில் மூட்டை எண்ணப் போனவன் நான். பென்சன் எடுத்த பிறகும் கப்பல் சரக்கு இறக்கும் ஒரு கொந்தராத்துக்காரருக்காக நாட்கூலிக்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர்தான் ஒரு கிழமைக்கு முன் போன் எடுத்தார். "பசளைக் கப்பல் வருகுது. இந்தக் கப்பலில இருந்து எண்ணுறதோட மேற்பார்வையும் நீங்கதான், மாசச் சம்பளம். முதல் நாள் நிண்டாத்தான் வேலை."

உரம் ஏற்றிய அந்தக் கப்பல் வருகிற நாளும் சோதனை நாளும் ஒன்றாகப் போயின. மனைவிக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. "ரெண்டு பேருக்கும் மருந்து எடுக்க வேணும். இந்த வயசில பட்டத்த எடுத்து எங்க கொழுவப் போறீங்க? அலுமாரிக்கு மேலயா?"

ஒரு கிழமை முழுக்க நித்திரை இல்லை. மேற்பார்வை வேலைக்கு ஆதரவாக ஆறு காரணங்கள் சேர்ந்தன. சோதனைக்கு ஒன்றே ஒன்று, எனக்கு வேண்டும் என்பது. அந்த ஒன்றையே தெரிந்தெடுத்தேன். முப்பது வருடப் பழக்கமுள்ள மனிதருக்குப் போனில் மறுப்புச் சொல்வது மரியாதையில்லை என்று, அன்று காலை உப்புவெளியிலிருந்து பஸ் ஏறித் துறைமுக ஜெட்டிக்குப் போனேன். பேனைகளும் அடையாள அட்டையும் சட்டைப் பையில் இருந்தன.

கொந்தராத்துக்காரர் வந்திருக்கவில்லை. காத்துக்கொண்டு என் வழக்கமான இடத்தில் நின்றேன். அதுதான் பிழை.

எங்கள் வேலையில் எண்ணுகிறவர்கள் இரண்டு பேர், கப்பலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர். கிரேன் ஒரு தடவையில் இறக்குவதைத் தூக்கு என்போம். ஒவ்வொரு தூக்குக்கும் கப்பலுக்கு எண்ணுகிறவர் இலக்கத்தைக் கூவுவார், கரையில் நிற்பவர் அதையே திருப்பிக் கூவ வேண்டும். முதல் தூக்குக்குக் குரல் கொடுத்தவர் கப்பலின் அந்தச் சரக்கறை வெறுமையாகும் வரை விலகக் கூடாது. பாதியில் ஆள் மாறிய கணக்கை ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

பத்து மணி தாண்டிக் கிரேன் அசைந்தது. கப்பலுக்கு எண்ண வந்திருந்தவர் கிண்ணியாக்காரர், பழைய சிநேகிதர். மேலிருந்து கூவினார்.

"ஒண்டு!"

"ஒண்டு!" என்றது என் வாய்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு, மூன்று என்று வாய் கூவிக்கொண்டிருக்க, மனம் வேறொரு கணக்குப் போட்டது. இந்த வேகத்தில் போனால் அறை முடிய மாலை ஐந்தாகும். ஐந்தாவது தூக்கில் 'சரி, விதி' என்று நினைத்தேன். ஆறாவதில் என் பேனைகளைத் தொட்டுப் பார்த்தேன். ஏழு என்று கூவிவிட்டுக் கையை உயர்த்தினேன்.

எட்டாவது தூக்கு அந்தரத்தில் நின்றது.

"என்ன அண்ணன், எண்ணிக்கை மறந்து போச்சா?" என்றார் கிண்ணியாக்காரர்.

"மறக்கேல்ல தம்பி. எனக்கு ஏலாது. சோதினை இருக்குது."

"பேரப்பிள்ளைக்கா?"

"எனக்கு."

தொழிலாளர்கள் சிரித்தார்கள். "தாத்தா ரியூசனுக்கும் போறவரோ?" என்று ஒருவன் கேட்டான். அந்த நேரம் பார்த்துக் கொந்தராத்துக்காரரின் வாகனம் வந்து நின்றது. வேலையில்லாமல் தொங்கும் கிரேனைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"ஏலாதெண்டா ஏன் வாயைத் திறந்தனீங்கள்?"

நிரப்பி நின்ற லொறிகளைக் காட்டினேன். "ஏழும் லொறியில இருக்குது. இறக்கி எண்ணுவம். சரியெண்டா வேற ஆள் ஒண்டிலயிருந்து தொடங்கட்டும்."

"சோதினை முடிச்சு வந்தா இஞ்ச வேலை இருக்குமெண்டு நினைக்காதீங்க."

"நினைக்கேல்ல."

தூக்குக்கு நாற்பது மூட்டைப்படி, இரண்டு லொறிகளிலிருந்தும் இருநூற்றெண்பதையும் இறக்க வைத்தார். ஒவ்வொன்றாக எண்ணினோம். தொழிலாளர்கள் இப்போது சிரிக்கவில்லை; ஏசினார்கள். ஒரு மூட்டை குறைந்தால் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும் என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக்கொண்டே போனேன். இருநூற்றெண்பதும் இருந்தன. நேரம் பன்னிரண்டே முக்கால்.

ஓட்டோ பிடித்துச் சோதனை நடக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனபோது வினாத்தாள் கொடுத்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் பெண் என் சட்டையில் படிந்திருந்த பசளைத் தூளைப் பார்த்தார். "ஐயா, பிள்ளைகளக் கூட்டிப் போக வந்தவங்க வெளியில நிக்க வேணும்" என்றார். அடையாள அட்டையைக் காட்டினேன். ஒரு கதிரையைக் காட்டினார். ஐந்து கேள்விகள் செய்ய வேண்டும். நான்கரை செய்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கிண்ணியாக்காரர் போன் எடுத்தார். "கப்பல் முடிஞ்சுது அண்ணன். உங்களுக்குப் பிறகு வந்தவன்ர கணக்கில பதினொரு மூட்டை காணேல்ல."

"முதலாளி என்னைக் கேட்டவரோ?"

"கேக்கேல்ல" என்றார். பிறகு, "நீங்க பாஸா அண்ணன்?" என்றார்.

முடிவு இன்னும் வரவில்லை. நான்கரைக் கேள்விக்கு எத்தனை புள்ளி வரும் என்று தினமும் கூட்டிப் பார்க்கிறேன். தினமும் வேறு விடை வருகிறது. மனைவி மருந்தை இரண்டு நாளைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டதை நேற்றுத்தான் மாத்திரை அட்டையை எண்ணித் தெரிந்துகொண்டேன். கேட்டபோது அவள் கோபப்பட்டாள்.

"அதையெல்லாம் எண்ணாதீங்க. அந்த அரைக் கேள்வியை ஏன் விட்டனீங்க, அதச் சொல்லுங்க."