திரையில் நிஸார் நானா நின்ற இடம்

1. மெனேஜரின் அழைப்பு

“உங்க மெஷின் ஒரு ஆளப் புடிச்சிருக்கு. வந்து, அது காட்டுறது சரினு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

குண்டசாலையில் ஒரு தேயிலை ஸ்டோரின் மெனேஜர் போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். ஃபோர்க்லிஃப்ட் ஆட்களை இடித்துவிடக் கூடாது என்று அங்கே ரேடியோ கருவி பூட்டியவன் நான். எல்லார் கழுத்திலும் ஒரு டேக், கூரையோரம் நான்கு ஆங்கர். டேக்கின் சிக்னல் ஆங்கருக்குப் போய்ச்சேரும் நேரத்தை வைத்து, ஆள் நிற்கும் இடம் திரையில் புள்ளியாக விழும். அரை அடிகூடப் பிசகாது என்று மார்தட்டித்தான் விற்றோம்.

மாட்டிக்கொண்டவர் நிஸார் நானா; அண்ணன் என்பதற்கு அங்கே நானா என்பார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், ஐம்பது வயதுக்காரர். தினமும் பகல் பன்னிரண்டரை மணிபோல, பெண்கள் சாப்பிடப் போன நேரத்தில், அவர்கள் உடுப்பு மாற்றும் அறைக்குள் அவருடைய புள்ளி பத்து நிமிஷம் நிற்கிறதாம். கமரா வைக்கிறாரோ என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. பெக்கிங் பகுதி சுப்பவைசர் ரீட்டா அக்கா என்னிடம், “அந்த மனுசன் முகத்தப் பாக்கவே கூசுது தம்பி” என்றார். நான் கையெழுத்துப் போட்டால் நானாவின் வேலை போகும். மானம் அதற்கு முன்பே போய்விட்டது.

நான் சந்தேகப் பேர்வழி. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் சிரித்தால்கூடப் பையைத் தடவிப் பார்ப்பேன். நானாவைக் கூப்பிட்டார்கள்.

“அந்த ரூமுக்கு ஏன் போனீங்க?” என்றார் மெனேஜர்.

“நான் போகல்ல சேர்.”

“மெஷினுக்கு உங்க மேல என்ன கோவமா? ஏன் போனீங்கனு சொல்லிருங்களேன்” என்றேன் நான்.

“நான் போகல்ல” என்று அதையே சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவருடைய டேக்கை மாட்டிக்கொண்டு ஸ்டோர் முழுக்க நடந்து பார்த்தேன். புள்ளி என் காலடியை விட்டு விலகவே இல்லை. கருவி சரி, மனிதன்தான் பொய். ஆனாலும் கையும் களவுமாகப் பிடித்தால் இன்னும் கெட்டி என்று தோன்றியது. கையெழுத்தை மறுநாளுக்குத் தள்ளிப்போட்டேன்.

2. மூட்டைகளுக்குப் பின்னால்

மறுநாள் பகல். மெனேஜர் திரைக்கு முன்னால், நான் போனும் கையுமாக நானாவுக்குப் பின்னால். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இடுப்பளவு அடுக்கிய தேயிலை மூட்டைகளுக்கும் தகரச் சுவருக்கும் நடுவே நுழைந்தார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் பெண்களின் அறை. கதவு இந்தப் பக்கம் கிடையாது.

சப்பாத்தைக் கழற்றினார். ஒரு பாயை விரித்துத் தொழ ஆரம்பித்தார்.

“மூட்டைக்குப் பின்னால நிக்கிறான்” என்றார் மெனேஜர் போனில். நானா குனிந்து நிலத்தில் நெற்றியை வைத்தார்.

“உள்ள போயிட்டான்! லேடீஸ் ரூம்ல இருக்கான்! புடிங்க!”

நான் அசையவில்லை. தொழுது முடித்து, அங்கேயே உட்கார்ந்து கையேந்தி துஆ கேட்டுக்கொண்டிருந்தார் அவர். மெனேஜர் போனில் கத்திக்கொண்டே இருந்தார்.

மூட்டைகளின் உள்ளே அலுமினியத் தாள் இருக்கிறது. அதை சிக்னல் ஊடுருவாது. நிற்கும்போது மேலாகப் போய்விடும். தரையில் உட்கார்ந்தால் நேர்வழி அடைபட்டு, தகரத்தில் பட்டுத் தெறித்ததுதான் ஆங்கருக்குப் போய்ச்சேரும். சுற்றி வந்ததை நேராக வந்ததாக எண்ணி, கருவி தூரத்தைக் கூட்டிப் போட்டுவிட்டது. புள்ளி சுவரைத் தாண்டி விழுந்தது. முந்திய நாள் நான் நடந்தேனே தவிர, எங்கேயும் குந்திப் பார்க்கவில்லை. பூட்டியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

“சரி, எரர்னு போட்டு விடுங்க, முடிஞ்சுது” என்றார் மெனேஜர்.

எனக்கு மனம் கேட்கவில்லை. பெண்கள் எல்லாரையும் திரைக்கு முன் கூட்டச் சொன்னேன். நானாவின் டேக்கை மாட்டிக்கொண்டு அதே இடத்தில் போய் நின்றேன், பிறகு குந்தினேன். “அய்யய்யோ, இவரும் உள்ள போயிட்டாரே!” என்று திரைப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் குரல் போனில் கேட்டது. ரீட்டா அக்கா நேரே நானாவிடம் போய், “மன்னிச்சுக்கங்க நானா” என்று அழுதுவிட்டார்.

பிறகு நானாவிடம் மெல்லக் கேட்டேன்: “தொழப் போறத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“ ‘ஏன் போன’னு தான் ரெண்டு பேரும் கேட்டீங்க. எங்க இருந்தனு ஒத்தரும் கேக்கல்லயே தம்பி.”

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது எந்த ஸ்டோரில் இப்படிப் புகார் வந்தாலும், திரையைத் திறக்கும் முன் அந்த ஆளிடம் போய், எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறேன். சந்தேகப்படுவது அதற்குப் பிறகுதான்.