கால்வாசி போர்டு

எங்கள் அப்பாவுக்குத் தெருவில் 'போர்டு' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கோபப்பட மாட்டார், பெருமைதான். லாரி ஓட்டிய காலத்தில் கூட்டாளி டிரைவர்கள் வைத்த பட்டம், அவரோடு வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது. பால் போடுகிறவர்கூட "போர்டு வீடுதானே?" என்றுதான் கேட்பார்.

நெடுந்தூர லாரியில் டிரைவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓட்டினால் மற்றவர் பின்னால் படுத்துத் தூங்குவார். கண் விழித்ததும் "இப்ப எங்க இருக்கோம்?" என்று எல்லோரும் கேட்பார்கள். அப்பா கேட்க மாட்டார். சாலையின் எண்ணைத் தாங்கிக்கொண்டு கேடயம் மாதிரி ஒரு பலகை நிற்குமே, அது அடுத்து எப்போது வரும் என்று ஜன்னலோரம் காத்திருப்பார். வந்து கடந்து போனதும், "மலை மண்டலத்துக்குள்ள வந்துட்டோம்" என்பார். எண் அவருக்கு உதவாது, ஒரே எண்ணுள்ள சாலை நாலு மண்டலங்கள் வழியாகப் போகும். பலகையின் அமைப்பைப் பார்த்தே சொல்வார். அரசாங்கம் ஒன்றுதான் என்றாலும் தகடு அடிப்பது அந்தந்த மண்டலத்துப் பட்டறை. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கைப்பழக்கம். வடக்கில் கேடயத்தின் அடி கூராக இருக்கும், சமவெளியில் உருண்டையாக. மலையில் காற்றுக்குத் தாங்க வேண்டும் என்று ஓரத்தை மடித்துவிடுவார்கள். கடலோரத்தில் இரும்பு துருப்பிடிக்கும் என்று அலுமினியம். அங்கே மற்ற மண்டலங்களைப் போலத் தகட்டின் ஓரத்தில் கறுப்புக் கரையும் போட மாட்டார்கள், நாலு என்ற எண்ணின் தலையையும் மூட மாட்டார்கள்.

இதையெல்லாம் நான் இப்படிச் சரளமாகச் சொல்கிறேன் என்றால் ஆர்வத்தில் கற்றுக்கொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது.

முழங்கால் தேய்ந்து அவர் வீட்டோடு உட்கார்ந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். டிவியில் படம் ஓடும். கதாநாயகி ரத்த வெள்ளத்தில் காரின் பின்சீட்டில் கிடப்பாள், கதாநாயகன் ஆஸ்பத்திரிக்குப் பறப்பான். அப்பா, "பாரு, வடக்குல கிளம்பினான், பின்னாடி சமவெளி போர்டு போகுது. பறந்தா வந்தான்?" என்பார். "அந்தப் பொண்ணு செத்துட்டிருக்கா, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அம்மாவுக்கு அடுப்பில் வேலை வந்துவிடும், எனக்குத் துணி காயப்போட வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் மெல்லச் செருப்பைத் தேடுவார்கள்.

நழுவாத ஆள் ஒருவன்தான். அக்காவின் புருஷன். அப்போது நான் அவனை அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வந்தால் நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வான். "அப்புறம் மாமா, அந்த ஓரம் மடிச்ச தகடு, அது மலையில மட்டும்தானா?" என்று ஆரம்பித்துக் கொடுப்பான். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அவன் போன பிறகும் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருப்பார். "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும். பொறுமையா உக்காந்து கேக்கறான் பாரு" என்று எங்களுக்கு ஒரு குத்து வேறு. அவன் எல்லாவற்றையுமே நன்றாகத்தான் கேட்பான். அக்கா போனில் யாரோடு என்ன பேசுகிறாள் என்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பான்.

வேகாத வெயிலில் அக்கா முழுக்கை போட்டுக்கொண்டு வருவாள். பாத்திரம் கழுவக் கையை மடித்துவிட்டபோது அம்மா பார்த்துவிட்டாள். முழங்கைக்கு மேலே வளையம் வளையமாகக் கன்றிப்போயிருந்தது. அப்பாவிடம் சொன்னோம். ஒரு முறையா, கரடியாகக் கத்தினோம். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள நாலும் இருக்கும். நீங்க ஊதிப் பெருசாக்காதீங்க. அவன் அப்படிப்பட்ட ஆளே இல்ல" என்றார். ஓடுகிற லாரியிலிருந்து தகட்டின் மடிப்பைக் கண்டுபிடித்தவர், எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மகளின் கையைப் பார்க்கவில்லை. இதை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை.

ஒரு நாள் அக்கா ஒரு பையோடு அவன் வீட்டைவிட்டு வெளியேறினாள். எங்களிடம் வரவில்லை. அவன் முதலில் தேடும் இடம் எங்கள் வீடுதான் என்று தெரியாதவளா அவள்? எங்கோ ஓர் ஊரில் மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று போனில் சொன்னாள். ஊர்ப் பெயரை எனக்கும் அம்மாவுக்கும்கூடச் சொல்லவில்லை. "தெரிஞ்சா என்னைக்காவது வாய்தவறி வந்துடும். தெரியாமலே இருங்க" என்றாள்.

அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அப்பா முன்னால் அழுதான். "என் மேல தப்பு இருந்தா கால்ல விழறேன் மாமா. அவ எங்க இருந்தாலும் நல்லா இருந்தா போதும்." அப்பாவும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். நாளாக ஆக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அவ உசுரோட இருக்காளா, இல்ல எங்கிட்ட மறைக்கறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அக்காவுக்கு மனசு கேட்காமல் அவர் போனுக்கே ஒரு படம் அனுப்பினாள். கடை வாசலில் பச்சை துப்பட்டாவோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கடைப் பெயரைக் கவனமாக வெட்டியிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், படத்தின் மூலையில் ஒரு தகட்டின் கால்வாசி மிஞ்சியிருந்தது.

"அவன்கிட்ட மட்டும் காட்டிடாதீங்க" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அடுத்த ஞாயிறு. உள்ளறையில் என் ஆஸ்பத்திரி யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் வழக்கமான கச்சேரி. எப்போது எழுந்து போகப்போகிறான் என்று எரிச்சலோடு இருந்தேனே தவிர, அவர்கள் பேச்சில் எனக்குக் கவனம் இல்லை.

"முழு போர்டு தெரிஞ்சா யாரு வேணா பழகிச் சொல்லிடலாம் மாமா. பாதி மறைஞ்சிருந்தா கஷ்டம்தான், இல்லையா?" என்றான்.

"பாதி எதுக்கு மாப்பிள்ளை? கால்வாசி போதும். இதப் பாருங்க."

பிறகு அப்பா புட்டுப் புட்டு வைத்தார். "கரை இல்ல, பாத்தீங்களா? நாலோட தலை திறந்திருக்கு. கடலோரம். பக்கத்துல ஒரு வளைவு தெரியுதே, அது ஆறு. பூஜ்யமா இருந்தா இவ்வளவு சாயாது. அப்ப நாற்பத்தாறு. அந்த ரோடு கடலோரத்துல கொஞ்ச தூரம்தான் வரும், வழியில ரெண்டே ஊரு. துறைமுகத்து ஊர்ல இன்னும் பழைய தகடுதான் நிக்குது. இது பளபளன்னு புதுசு. அப்ப உப்பளம் இருக்கற ஊரு. அங்கயும் கடைகண்ணி இருக்கறது பஸ் ஸ்டாண்டு பக்கம் மட்டும்தான்."

"அடேங்கப்பா மாமா!" என்றான் அவன்.

எந்தப் படத்தைக் காட்டுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தேன். வாசலில் அவன் கார் கிளம்பும் சத்தம். குவளையில் பாதி டீ ஆறிக்கொண்டிருந்தது. "மாப்பிள்ளைக்கு ஏதோ அவசர வேலையாம்" என்றார் அப்பா. முகத்தில் அப்படி ஒரு களை, பரிசு வாங்கிய பையன் மாதிரி.

போன் மேஜைமேல் இருந்தது. திரை முழுக்கத் தகட்டின் மூலை. அதன் கீழ் ஓரத்தில் பச்சை துப்பட்டா கொஞ்சமாகத் தெரிந்தது. நான் விரலால் இழுத்தேன். அக்காவின் சிரித்த முகம் உள்ளே வந்தது.

"அவ முகம் தெரியாம பெருசு பண்ணித்தான் காட்டினேன்" என்றார். "போர்டை மட்டும்தானே காட்டினேன்?"

அக்காவுக்கு அடித்தேன். அவள் எடுக்கவில்லை. கடையில் போனைப் பையில் போட்டுவிடுவாள். அம்மா பக்கத்தில் நின்று "மறுபடி அடி, மறுபடி அடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது பேசியது வேறு ஒரு பெண், கடைக்காரம்மா.

"நீங்க அவங்க தங்கச்சியா? பயப்படாதீங்க, உயிருக்கு ஒண்ணும் இல்ல. கை ரெண்டு எடத்துல உடைஞ்சிருக்கு. எங்க பசங்கதான் அந்த ஆளைப் பிடிச்சுப் போலீஸ்ல கொடுத்திருக்காங்க. இருங்க, கொடுக்கறேன்."

அக்கா மூச்சு வாங்கினாள். ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"அப்பாவா?"

"ஆமா" என்றேன். வைத்துவிட்டாள்.

அவன் ஜாமீனில் வருவதற்குள் அக்கா அந்த ஊரைவிட்டும் போய்விட்டாள். இந்த முறை எங்களுக்குச் சொல்லிக்கொள்ளவில்லை, எண்ணையும் மாற்றிவிட்டாள். கடைக்காரம்மாவுக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. நல்லதுதான். அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நான் போர்டை மட்டும்தானே காட்டினேன்" என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல ஆளில்லாமல் அதையும் விட்டார். இப்போதெல்லாம் படத்தில் சாலை வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்க வேண்டும். இல்லை.

போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. அக்காதான். கட்டுப் பிரித்துவிட்டார்கள், கை கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது. தலைமுடியை இழுத்து வாரிக் கட்டியிருந்தாள். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். ஆணி இல்லை, காலண்டர் இல்லை, ஜன்னல் இல்லை. அம்மா படத்தைப் பார்த்து அழுதாள். அப்பா கையை நீட்டினார். கொடுக்க எனக்கு மனமில்லை, அம்மாதான் வாங்கிக் கொடுத்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பழக்கம் போகுமா? நாலு மூலையையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சுவருதான் இருக்கு. எங்கன்னு எனக்கே தெரியலையேம்மா."

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்பா அப்படி நின்னிருக்கா."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு அதில் அவள் முகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. விரல் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"நெத்தியோரத்துல இது என்ன, இவ்வளவு நீளத் தழும்பு? அன்னைக்கு அடிச்சானே, அதுவா?"

"இல்லப்பா. அது பழசு. கல்யாணமான வருஷமே வந்தது."