அடிக்கு அடியில் அப்பாவின் குரல்

பீட்டை மிக்ஸ் பண்ண உட்கார்ந்தால் எல்லோரும் முதலில் கிக்கைத்தான் ஏற்றுவார்கள். நெஞ்சில் வந்து இடிக்கிற அந்த 'தும்' சத்தம்தான் கிக். அது நின்றால்தான் மற்றதெல்லாம் நிற்கும். நானும் ஏற்றுவேன். ஆனால் வேலை முடிந்ததும் அதை அடியோடு இறக்கிவிட்டு ஒரு தடவை கேட்பேன். "கிக் இல்லாம எவன் கேப்பான், பைத்தியமா ஒனக்கு?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டும். அவர்களுடைய அப்பா யாரும் கிக்குக்கு அடியில் மாட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்தான் அப்போது என் ஸ்டுடியோ. உட்காருவது நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில். டவுனில் சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டுகிறார்கள். எனக்கு மூட்டையே போதும். என்ன, நெல் சுணை மேலே பட்டு அரிக்கும். அம்மாவுக்கு என் வேலையே விளங்காது. "மிக்சிங்காம் மிக்சிங்கு! அடுப்படியில மிக்ஸி சும்மாதான் கெடக்கு, அங்க வந்து பண்ணேன்டி" என்பாள்.

அந்த வருடம் எங்கள் வயல் வழியாக கேஸ் குழாய் பதிக்க ஒரு கம்பெனி வந்தது. தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம் நாங்கள். அப்பா காலத்தில்தான் ஒரு ஏக்கர்கூட வராத இரண்டு மா நிலம் எங்கள் பெயருக்கு வந்தது. அந்த இரண்டு மாவின் நடுவில், குறுவைப் பயிரை மிதித்துக்கொண்டு வந்து அளவுக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். குழாய் வேண்டாம் என்று ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்தது. நான்கு நாள் கழித்துப் பார்த்தால், கற்களில் ஒன்றுகூட இல்லை. யார் பிடுங்கியது என்று போலீஸ் வீடு வீடாக விசாரித்தது. பெயர் தெரியாத நபர்கள் என்று வழக்கும் போட்டாயிற்று. பெயர் தெரிந்தால் உள்ளே தூக்கி வைத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவும் எல்லோரையும்போல "எனக்கென்னங்க தெரியும்" என்றார். நானும் நம்பினேன்.

பந்தலில் போடுவதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பீட்டை முதல்முறையாக ஊரே கேட்கப்போகிறதே! நம் வயல் சத்தத்திலேயே செய்துவிடலாம் என்று, தண்ணீர் இறைக்கிற எங்கள் ஆயில் எஞ்சின் ஓடும்போது கொட்டகைச் சுவரில் போனை வைத்து ரெக்கார்ட் போட்டுவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் விழுகிற சத்தம் எங்கே நன்றாக இருக்கும் என்று பார்க்கப் போய்விட்டேன். கொட்டகையில் அப்பாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் போடுகிற கூச்சலில் அவர்கள் பேச்சு எங்கே விழப்போகிறது என்று நினைத்தேன்.

அறையில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தில் ஒரு துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். டக்கு டக்கு டக்கு என்று அதுவே தாளம். மேலே பறை, அதற்கும் மேலே பெண்கள் பாடிய நாலு வரி. பாட்டு நிற்கிற இடைவெளியில் எஞ்சினும் கிக்கும் மட்டும். எஞ்சின் இன்னும் முறுக்காகக் கேட்கட்டும் என்று கம்ப்ரஸரைப் போட்டு அழுத்தினேன். அது பெரிய சத்தத்தைத் தலையில் தட்டி அடக்கும். பிறகு மொத்தத்தையும் தூக்கிவிட்டால் மூலையில் கிடந்த முணுமுணுப்புகூட மேலே ஏறிவந்துவிடும். என் ஹெட்போனோ மலிவு ரகம், 'தும் தும்' என்று பேஸை, அந்தக் கனத்த அடிச்சத்தத்தை, மட்டும் அள்ளிக்கொட்டும். அந்த இடியில் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. பிரமாதம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை பந்தலுக்குப் பக்கத்துத் தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. குழாய் ஸ்பீக்கருக்கு பேஸ் தெரியாது. என் கிக் அதில் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி 'டொக்' என்று செத்துப்போயிற்று. அட, மானம் போகிறதே என்று நெளிந்துகொண்டிருந்தேன். இடைவெளி வந்தது. எஞ்சின் சத்தத்துக்குள்ளிருந்து என் அப்பா பேசினார்.

"கல்லு பூரா நாந்தான் மாப்ள புடுங்குனேன். வாய்க்கால்லதான் கெடக்கு."

பந்தலுக்கு எதிரே எஸ்.ஐ. நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஏட்டு. அப்பா பந்தலின் கடைசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், அவர் காதில் ஒன்றும் விழவில்லை. நான் மைக் செட்காரரிடம் ஓடினேன்.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே."

"ஏம்மா? சூப்பரா போவுது. இன்னும் நாலு தடவ போடச் சொல்லியிருக்காங்க."

வயரைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருப்பேன். ஆனால் நடுவில் பட்டென்று நின்றால் எஸ்.ஐ. நிமிர்ந்து பார்ப்பாரே, ஏன் நிறுத்தினாய் என்று கேட்பாரே! கை நீண்டது, அப்படியே நின்றுவிட்டது. அதற்குள் அடுத்த இடைவெளி வந்துவிட்டது. மறுபடியும் கல்லு, மாப்ள, வாய்க்கால். இந்தத் தடவை எஸ்.ஐ. தலையைத் தூக்கித் தென்னை மரத்தைப் பார்த்தார். "நடுவுல யாருய்யா பேசுறது?" என்று ஏட்டிடம் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அப்பாவை நானே ஊரறியப் பிடித்துக் கொடுக்கிறேன், அதுவும் தாளத்தோடு.

பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது. இடைவெளி நெருங்க நெருங்கக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எஞ்சின் மட்டும் ஓடத் தொடங்கிய அந்த நொடியில், பந்தலின் நடுவிலிருந்து ஒரு குலவை கிளம்பியது. என் அம்மா. நடவு வயலில் முதல் நாற்றை ஊன்றும்போது போடுகிற அதே குலவை, காது கிழிகிற மாதிரி. பக்கத்திலிருந்த பெண்கள் ஏதோ விசேஷம் என்று சேர்ந்துகொண்டார்கள். அப்பாவின் குரல் அதில் போன இடம் தெரியவில்லை. அடுத்த இடைவெளி, அடுத்த குலவை. ஒரு தடவைகூட அம்மா பிந்தவில்லை.

எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டார்.

"பாட்டு நீ பண்ணுனதாம்மா? நடுவுல யாரோ பேசுற மாதிரி இருக்கே?"

"எஞ்சின் சத்தம் சார்."

"எஞ்சின் பேசுமா?"

ஏட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அந்தப் பாட்ட என் போனுக்கு அனுப்பிவை. சாயங்காலத்துக்குள்ள வரணும்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, யாரும் பேசாத இடமாகப் பார்த்து எஞ்சின் சத்தத்தை வெட்டி வைத்தேன். ஆனால் குலவை? பந்தலில் அவர் கேட்டது குலவையோடு சேர்ந்த பாட்டு, இடைவெளி வெறுமையாக இருந்தால் பேச்சை வெட்டிவிட்டேன் என்று சந்தேகம் வராதா? நிமிர்ந்தால் அம்மா வாசலில் நிற்கிறாள்.

"அங்க போட்டேன். இங்க வந்தும் போடணுமா?"

"போடும்மா."

"ஒங்கப்பன் வாய மூட இன்னும் எத்தன தடவதான்டி நான் வாயத் தொறக்குறது" என்று திட்டிக்கொண்டே போட்டாள். முதல் குலவை பாதியில் உடைந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போட்டாள்.

முடித்ததும் ஹெட்போனை நம்ப எனக்குத் தைரியமில்லை. போன் ஸ்பீக்கரிலேயே வைத்து, கிக்கை முழுக்க இறக்கிவிட்டு, இருவரும் தலையோடு தலை ஒட்டிக் கேட்டோம். எஞ்சின், பறை, குலவை. வேறு யாரும் இல்லை. அனுப்பினேன். எஸ்.ஐ. பார்த்துவிட்டார் என்று வாட்ஸப்பில் நீல டிக் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அம்மா விஷயத்தைச் சொன்னபோது அப்பா என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை, திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் பந்தலில் தண்ணீர்க் குடத்தருகே நின்றிருந்தேன். அந்த ஏட்டு வந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"எஞ்சினைக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லும்மா."

சொல்லிவிட்டு எஸ்.ஐ. நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.