மலை மறைத்த காற்று

போர்ட் பிளேர் விமான நிலைய வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிள்ளைகளா. நான் ஏற வேண்டிய விமானம் சென்னையிலிருந்து வந்து, ஓடுபாதைவரை தாழ்ந்து, குலுங்கி, மறுபடி எழும்பித் திரும்பியே போய்விட்டது. நாளைக் காலை சென்னையில் உங்கள் அக்காவுக்குக் கல்லூரிச் சேர்க்கை. அவளுடைய அசல் சான்றிதழ்கள் என் மடியில் இருக்கின்றன.

"மழை இல்ல, கடலும் குளம் மாதிரி கிடக்கு. பயந்தாங்கொள்ளி பைலட்டு" என்று கத்துகிறேன்.

பெட்டி தள்ளும் செல்வம் சிரிக்கிறார்.

"கச்சால் தீவுக்காரங்க எல்லாத்துக்கும் கடலத்தான் பாப்பீங்களா அண்ணே? மலை மறைக்குது, அதான் இந்தப் பக்கம் கடல் சும்மா கிடக்கு. அந்தப் பக்கம் ஏறுற காத்து, பாறையைத் தாண்டுற தண்ணியாட்டம் இங்க வந்து விழுது. அதுல மாட்டுனா இறங்குற ஜஹாஸை அப்படியே கீழ அமுக்கிடும்."

நிமிர்ந்து பார்க்கிறேன். மலைமேல் ஒரு மேகம், அந்தப் பக்கத்துக் காற்று ஏறும் இடத்தைக் காட்டிக்கொண்டு, நகராமல் நிற்கிறது.

நேற்றைய விமானத்தில் இடம் இருந்தது. கடல் அமைதியாக இருக்கிறதே, நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டவன் நான்தான். விமானம் திரும்பிவிட்டது என்று சொன்ன கவுண்டர் பெண்ணைத் திட்டியவனும் நான்தான்.

அக்கா மூன்றாவது முறையாகப் போன் செய்கிறாள். எடுக்கக் கூசுகிறது.