எதிரி தேசத்து ஐயருக்கும் ஒரு ஜெபம்

கல்கத்தா பவானிபூர்ல எங்களுக்குப் பால் ஊத்துற வங்காளி கோபால்தான் சேதி கொண்டாந்தான். அவன் பாலைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா பொழுது போயிரும். குழாய்த் தண்ணிக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கும். அன்னைக்கு அவன் செம்பை இறக்கவே இல்ல. "உங்க உபதேசியார் போயிட்டார், தாதா"ன்னான். விஷக்காய்ச்சல்.

தேவசகாயம் உபதேசியாரை அறியாதவங்களுக்குச் சொல்றேன். வாரநாள்ல கப்பல் ஆபீஸ்ல பியூன். ஞாயித்துக்கிழமை இங்க இருக்கற தமிழ்க் கிறிஸ்தவங்களுக்கு ஜெபம் நடத்துவார். எங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்த பாதிரியார் யோகான் ஐயர் பேரைச் சொல்லித்தான் ஜெபத்தை முடிப்பார். நாங்க ஊர்ல, தரங்கம்பாடில இருந்தப்பலேர்ந்தே அது வழக்கம்.

யோகான் ஐயர் ஜெர்மன்காரர். இங்கிலீஷ் ராசாவுக்கும் ஜெர்மனிக்கும் சண்டை வந்ததும் சர்க்கார் அவரை முள்வேலிக்குள்ள போட்டுட்டாங்க. நம்ம ஜெபவீட்டுலயும் கடைசி பெஞ்சுல குடையோட ஒரு புது ஆள் வந்து உட்கார்ந்தான். போலீஸ் ஆளுன்னு பேச்சு. பாட மாட்டான். காணிக்கைத் தட்டு வந்தா மட்டும் பக்தியா கண்ணை மூடிக்குவான்.

 ஒரு துரை வீட்டுல பட்லரா இருக்கற ஏசடியான் கேட்டே விட்டார். "ஐயா, அந்தப் பேரை விட்டுருங்க. துரை காதுல விழுந்தா என் பொழப்பு போச்சு. நாம ராசா பக்கமா, அவங்க பக்கமா?"

"ராசாவுக்கு அடங்கித்தானே இருக்கேன், ஏசடியான். ஆனா சத்துருவுக்கும் ஜெபம் பண்ணுன்னு சொன்னவர் முன்னால நின்னுக்கிட்டு, நம்ம ஐயர் பேரை எப்படி முழுங்குவேன்?"

"பயமா இல்லையா?"

"தூக்கமே இல்லப்பா."

அந்த ஞாயிறு மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். ராசாவுக்காக ஜெபிச்சார். ராசா பட்டாளத்தோட பஸ்ராவுக்குப் போயிருக்கற ராகேல் அக்கா மகனுக்காக ஜெபிச்சார். அப்புறம் பேச்சு நின்னுபோச்சு. மேசைமேல தண்ணிச்செம்பு மூடி கிணுகிணுன்னு ஆடுச்சு. அவர் கைநடுக்கம் அது.

"யோகான் ஐயரையும் காத்தருளும், ஆண்டவரே."

 ராகேல் அக்கா மட்டும் ஆமென் சொன்னாங்க.

மறுநாள் போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. சில நாள் கழிச்சுத் திரும்பி வந்தார். அங்க என்ன நடந்துதுன்னு சொல்லவே இல்ல. பியூன் வேலையும் போச்சு. அப்புறம் அந்தப் பேரை அவர் சொல்லல. அந்த இடம் வந்தா நிறுத்துவார். மூடி ஆடும். எங்களுக்குப் பேர் கேட்டுரும்.

நேத்து அதே மேசை பக்கத்துல அவர் சவப்பெட்டியை வச்சிருந்தோம். சண்டை இன்னும் ஓயல, குடைக்காரனும் வந்திருந்தான். ஏசடியான்தான் ஜெபம் நடத்தினார். ராசாவுக்கு, ராகேல் அக்கா மகனுக்கு, அப்புறம் அந்த இடம் வந்துது. மூடி அசையாம இருந்துது. 

ஏசடியான் மேசையைப் பிடிச்சார். மூடி ஆட ஆரம்பிச்சுது.

போயிட்டு வாங்க, உபதேசியாரே. ஐயர் பேரை ஏசடியான் சொல்லிட்டார். நாங்க எல்லாரும் ஆமென் சொன்னோம்.